கட்டைவிரல் அகலப் பச்சை

ஓலொமோட்ஸில் நான்காம் எண் டிராம் என்னுடையது.
விடியுமுன் டிப்போவில் ஏறிவிடுவேன்.
வெயில் என்றால் எனக்கு
முன்கண்ணாடியில் வந்து கண்ணைக் குத்தும் ஒன்று.
மற்றபடி, பகல் இரண்டுக்கு மேல்
ஊரோரத் தோட்டங்களில்
பதினேழாம் துண்டில்,
சரளை கொட்டிய மேட்டில் கிடைப்பதுதான்.

அந்த மேட்டில் மூன்று புல் வைத்தேன்.
நீலப் புல். முழங்காலுக்குப் பாதி வராது.
மூன்று முள்ளெலிகள் சுருண்டு
வெயில் காய்வது போல.

வேலிக்கு அந்தப் பக்கம் ரதோவான்
அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டான்:
"இருக்கிற புல்லை வெட்டவே
என் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போகிறது.
நீ காசு கொடுத்தா வாங்கி வந்தாய், க்வெதா?"
ஒன்று எண்பத்தொன்பது கொருனா.
விலையை நான் சொல்லவில்லை.

முதல் வருஷம் செல்லம் கொடுத்தேன்.
குதிரைச் சாணம்,
தினம் ஒரு வாளித் தண்ணீர்.
ஊட்டி ஊட்டிக் கெட்ட பிள்ளையாய்
வகிடு பிரிந்து சரிந்து கிடந்தது.
ஜூலையில் கணுக்கால் முறிந்து
மாவுக்கட்டோடு ஐந்து வாரம் படுத்தேன்.
யாரும் ஒரு சொட்டு விடவில்லை.
ஊன்றுகோலோடு வந்து பார்த்தால்
நிமிர்ந்து நிற்கிறது,
அதுவரை எனக்குக் காட்டாத நீலத்தில்.
சந்தோஷம்தான்.
கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

ஆகஸ்டில் சங்கச் செயலாளர் வாவ்ருஷ்கா
மர அளவுகோலோடு வந்தார்.
"விதி ஆறு. புல் பத்து சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.
இது இருபத்திரண்டு."
"இது புல் இல்லை" என்றேன்.
"பின்னே?"
"பச்சையாக இருந்தால்தானே புல்?"
அவர் என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.
நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
பதினெட்டாம் துண்டுக்கு,
ரதோவானின் முள்ளங்கியை எண்ணப் போனார்.

அந்தக் கேள்விக்குறியின் நிழலில்
இரண்டு குளிர்காலம் கழித்தோம்,
நானும் மூன்று முள்ளெலிகளும்.
மார்ச்சில் கையுறை மாட்டி
விரலால் தலை வாரிவிட்டால்
செத்த இழைகள் கொத்தாக வரும்.
அதைத் தவிர வேறு வேலை வைக்காத ஜீவன்கள்.

நான்காம் வசந்தத்தில் நடுவே வழுக்கை.
ரதோவான் தொப்பியைக் கழற்றி
தன் தலையைப் பக்கத்தில் குனிந்து காட்டினான்.
சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.
முதலில் நட்ட இடம் அந்த நடுதான்.
அங்கே வைக்கோல், ஒரு சிலந்தி.
கூட்டமெல்லாம் கதவோரம் நெருக்கி நிற்க
நடு இருக்கைகள் காலியாக ஓடுமே ஒரு வண்டி,
அப்படி உயிர் முழுக்க விளிம்புக்கு வந்திருந்தது.

ரொட்டிக் கத்தியால் அறுத்தேன்.
வேர் பாதியில் பிடித்துக்கொண்டது.
முழங்காலில் உட்கார்ந்து
இரண்டு கையாலும் பிய்த்தேன்.
நடுவை உரக்குழியில் போட்டேன்.
மூன்று, பதினொன்று ஆயிற்று.
ஒவ்வொன்றும் ஒரு முட்டையளவு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளி.
சாணம் கிடையாது.
ஒரு வாரம் மட்டும் தண்ணீர்,
அப்புறம் உன் பாடு என்றேன்.

மே மாதம் வாவ்ருஷ்கா மறுபடியும்.
அளவுகோலை எடுக்கவில்லை.
எலும்பு நெரிய மெல்லக் குந்தினார்.
ஓர் இழையைப் பிடித்து
கட்டைவிரலால் அழுத்தி ஒருமுறை துடைத்தார்.
திராட்சை மேல் படிந்த மங்கல் போலத்தான்
அந்த நீலம், வெறும் மெழுகு.
அடியில் பச்சை.
சாதாரண, ரயில்பாதை ஓரத்துப் பச்சை.

"புல்தான்" என்றார்,
நான்கு வருஷக் கேள்விக்குறியை அடித்தார்.
எழுந்திருக்கக் கை நீட்டினார், பிடித்துத் தூக்கினேன்.
வெட்டச் சொல்வார் என்று காத்திருந்தேன்.
"எண்பத்தொன்பதா இன்னும்?" என்று மட்டும் கேட்டார்.

மற்ற இழைகள் மேலும் நீலமாயின, வெயில் ஏற ஏற.
துடைத்த இடம் மூடவில்லை.
ஜூன் கடைசிவரை அந்த ஒன்றில் மட்டும்
கட்டைவிரல் அகலத்துக்குப்
பச்சை.